மாக்கோழியும் பச்சைக் குருதியும்

சென்ற தசலட்சண பருவத்தின் மூன்றாம் நாள் மாலை. கதிரவன் மறைவதற்கு முன்பே எங்கள் இல்லத்தில் உணவு முடிந்துவிட்டது. பதின்மூன்று வயதுப் பேரன், கிழங்கும் வெங்காயமும் விலக்கிய அந்த எளிய உணவை முகம் சுளிக்காமல் உண்டு, தட்டைக் கழுவி வைத்தான். விளக்கை நாடி வந்த விட்டில் ஒன்றைத் தாளில் ஏந்திச் சன்னலுக்கு வெளியே விட்டான். பிறகு கூடத்து மூலையில் அமர்ந்து கைப்பேசியைத் திறந்தான். சற்று நேரத்தில், "பாட்டி, இன்றைக்குப் பதினொன்று!" என்று மகிழ்ச்சியோடு கூவினான். பதினொரு பேரைச் சுட்டு வீழ்த்தியிருக்கிறான்.

எனக்குச் சினம் வந்தது. "விட்டிலுக்கு இரங்கியவன் நீதானா?" என்றேன். அவன் அமைதியாகவே கேட்டான்: "விட்டிலுக்கு உயிர் உண்டு. இவர்களுக்கு ஏது பாட்டி உயிர்? வெறும் படம். படத்தைச் சுட்டால் எந்த ஜீவனுக்கு வலிக்கும்?"

முப்பத்து நான்கு ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவள் நான். ஒரு சிறுவனின் வினாவுக்கு விடை கூறத் தெரியாமல் திகைத்தது எனக்கு அரிதாகவே நேர்ந்திருக்கிறது. அன்று உத்தம ஆர்ஜவத்துக்குரிய நாள். மனத்தில் ஒன்றும் வாக்கில் ஒன்றுமாக ஏதேனும் சொல்லி அவனை அடக்கிவிடவும் கூசினேன். அதன்பின் எண்ணியவற்றை இவ்விதழ் வாசகர்முன் வைக்கிறேன். பேரப்பிள்ளைகள் உள்ள இல்லங்கள் பலவற்றில் இவ்வினா எழுந்திருக்கும் என்பது உறுதி.

அவன் ஆடும் ஆட்டத்தை அறியாத என் வயதினருக்காகச் சிறிது விளக்குகிறேன். பிள்ளைகள் 'பப்ஜி' என்று சொல்வது தென்கொரிய நிறுவனத்தார் செய்த ஆட்டம். 2017இல் கணினிக்கும், 2018இல் கைப்பேசிக்கும் வந்தது. நூறு பேர் விமானத்திலிருந்து வான்குடை விரித்து ஒரு தீவில் இறங்குகின்றனர். வெறுங்கையோடு இறங்கியவர்கள் அங்குள்ள வீடுகளில் புகுந்து துப்பாக்கியும் மருந்தும் தேடிக்கொள்கின்றனர். நடமாடத்தக்க வட்டம் நேரம் செல்லச் செல்லச் சுருங்குவதால், ஒளிந்திருந்தே காலம் தள்ள இயலாது. இறுதியில் எஞ்சும் ஒருவரோ ஓர் அணியோ வெற்றி பெறுவர். இறந்தவரின் உடல் மறைந்து, அவ்விடத்தில் ஒரு பெட்டி மட்டும் கிடக்கிறது. அதைத் திறந்து அவர் உடைமைகளைக் கவர்ந்துகொள்ளலாம். அழுவதற்கு ஒருவரும் இல்லை. வென்றவருக்குத் திரையில் தோன்றும் வாழ்த்தில் கிடைப்பது கோழி விருந்து! மேலைநாட்டுச் சூதாட்டக்காரர் வழக்கிலிருந்து வந்த சொல் என்கிறார்கள். இக்கோழியை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகர்களை வேண்டுகிறேன்.

அரசும் சட்டமும் இதைப் பார்த்துக்கொள்ளாவா என்று கேட்கலாம். 2019 மார்ச்சில் குஜராத்தின் ராஜ்கோட்டில் காவல்துறை இவ்வாட்டத்தைத் தடை செய்தது. ஆடிய இளைஞர் சிலர் கைதாகிப் பிணையில் வந்தனர். 2020 செப்டம்பர் 2 அன்று நடுவணரசு விலக்கிய 118 செயலிகளுள் இதுவும் ஒன்று. ஆனால் சொல்லப்பட்ட காரணம் நாட்டின் இறையாண்மையும் தகவற் பாதுகாப்பும், கொலைக்காட்சி அன்று. 2021 ஜூலையில் இந்தியாவுக்கென்றே வேறு பெயரில் மீண்டு வந்தது. 2022இல் மறுபடி மறைந்து 2023 மே மாதம் திரும்பியது. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டமும் நடுவணரசின் 2025ஆம் ஆண்டுச் சட்டமும் முதன்மையாகப் பணம் வைத்தாடும் ஆட்டங்களைக் கருதி எழுந்தவை. அவை வேண்டியவையே, கடனுற்று உயிர் மாய்த்துக்கொண்டோரை நம் மாநிலம் கண்டிருக்கிறது. ஆயினும் ஆடுபவன் மனத்தில் என்ன நிகழ்கிறது என்று சட்டம் கேட்பதில்லை; கேட்க அதனால் இயலவும் இயலாது.

இவற்றை ஆடும் பிள்ளை நாளை கத்தியை எடுப்பான் என்று அச்சுறுத்துவோர் உண்டு. நானும் அவ்வாறே நம்பியிருந்தேன். ஆனால் 2019இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரிட்டனில் 14, 15 வயதுப் பிள்ளைகள் ஏறத்தாழ ஆயிரவரையும் அவர்தம் பெற்றோரையும் வினவி ஆராய்ந்தபோது, வன்முறை ஆட்டங்களுக்கும் பிள்ளைகளின் மூர்க்கத்துக்கும் தொடர்பு காணவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல், கத்துதல், தள்ளுதல் போன்ற நடத்தைகளோடு சிறு தொடர்பு உண்டென்றும், கொடுங்குற்றங்களோடு இணைப்பதற்குப் போதிய சான்றில்லை என்றும் கூறியது. பொய்யச்சம் காட்டிப் பிள்ளையைத் திருத்த முனைவது நமக்கு ஆகாது. மேலும், உலகம் கேட்கும் கேள்வி வேறு, நம் முன்னோர் கேட்ட கேள்வி வேறு. இவ்வாட்டம் நாளை என்ன செய்விக்கும் என்று உலகம் கேட்கிறது. இப்போது, இக்கணத்தில், ஆடுபவன் ஆன்மாவில் என்ன ஒட்டுகிறது என்று கேட்பதே நம் மரபு.

அக்கேள்விக்கென்றே ஒரு காவியம் தமிழில் இருக்கிறது. யசோதர காவியத்தைப் பெரியோர் அறிவர்; இளையோருக்காகச் சுருங்கக் கூறுகிறேன். அவந்தி நாட்டு உஞ்சயினி மன்னன் யசோதரன், மனைவி அமிர்தமதியின் பிறழ்வைக் கண்டு உள்ளம் நொந்தான். தாய் சந்திரமதியிடம் அதனைத் தீக்கனவு போல மறைத்துக் கூறினான். கனவின் தீங்கு நீங்கச் சண்டமாரிக்கு உயிர்ப்பலி இடுமாறு தாய் வேண்டினாள், அவன் மறுத்தான். அவ்வாறாயின் மாவினால் ஒரு கோழி செய்து அதனை வெட்டு என்றாள். அதற்கு இசைந்தான். வாள் வீழ்ந்தபோது அம்மாக்கோழி உயிருள்ளது போலவே கூவி வீழ்ந்தது. பின்னர் அமிர்தமதி இட்ட நஞ்சால் தாயும் மகனும் இறந்து, மயிலும் நாயுமாக, மீனும் முதலையுமாக, ஆடும் எருமையுமாக, இறுதியில் உண்மையான கோழிகளாகவே பிறந்து பிறந்து துன்புற்றனர். ஒரு பிடி மாவுக்கு இத்தனை பிறவிகளா என்று இளமையில் நான் வியந்ததுண்டு. அது மிகை என்றுகூட எண்ணியதுண்டு.

இப்போது பேரனின் ஆட்டத்துக்கு வருவோம். 2021இல் இந்தியாவுக்கென அதனைத் திருத்தி வெளியிட்டபோது நிறுவனத்தார் என்ன செய்தனர் தெரியுமா? சிவப்பாகத் தெறித்த குருதியைப் பச்சையாக்கினர். 'கொன்றாய்' என்று எண்ணிக்கை காட்டிய இடத்தில் 'முடித்தாய்' என்று பொருள்படும் சொல்லை இட்டனர். இது மெய்யுலகம் அன்று, கற்பனை உலகம் என்று ஓர் அறிவிப்பையும் சேர்த்தனர். சந்திரமதி செய்ததும் இதுதானே! அவள் கோழியை மாவாக்கினாள். இவர்கள் குருதியைப் பச்சையாக்கினர். வெட்டப்படும் பொருள் மாறியது. வெட்டும் மனம் மாறியதா என்று அவளும் கேட்கவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

இதனை மறுநாள் பேரனிடம் வெற்றிக்களிப்போடு சொன்னேன். ஆசிரியருக்கும் அக்களிப்பு உண்டு. அவன் சிறிது எண்ணிவிட்டு, "பாட்டி, யசோதரன் உண்மையான கோழிக்குப் பதிலாகத்தான் அதை வெட்டினான். கொல்கிறோம் என்று நினைத்துத்தான் வெட்டினான். நான் அப்படி நினைப்பதே இல்லையே, விளையாடுகிறோம் என்றுதானே நினைக்கிறேன்?" என்றான்.

அவன் வாதம் நேரியது. அதனை மறுப்பது அறமாகாது. யசோதரனிடம் இருந்தது பலியிடும் சங்கல்பம். மாவுக்குள் கோழியை அவன் மனத்தால் வைத்தான், பிறகு வெட்டினான். என் பேரனோ படத்தைப் படமாகவே காண்கிறான்.

இங்கே நூல்களை நாடினேன். உமாசுவாமி தத்துவார்த்த சூத்திரத்தில் ஹிம்சைக்கு இலக்கணம் கூறும்போது, பிரமாதத்தின் வசப்பட்டு உயிரின் பிராணன்களைப் பிரித்தல் என்கிறார். இன்று நாம் நல்ல பாட்டைக் கேட்டால் 'பிரமாதம்!' என்கிறோம். நூலாசிரியர் சொல்லும் பிரமாதம் வேறு. கஷாயங்களுக்கு ஆட்பட்டு விழிப்பிழந்து நிற்கும் நிலை அது. அமிர்தசந்திரர் தம் புருஷார்த்த சித்தியுபாயத்தில் இன்னும் ஒருபடி செல்கிறார். விருப்பு வெறுப்புகள் உள்ளத்தில் எழுவதே ஹிம்சை என்றும், கவனத்தோடு நடப்பவனால் தற்செயலாக ஓர் உயிர் மடியினும் அவன் ஹிம்சை செய்தவன் ஆகான் என்றும், விழிப்பின்றி நடப்பவன் ஓர் உயிரும் மடியாவிடினும் ஹிம்சை செய்தவனே என்றும் தெளிவுறுத்துகிறார். இதனையே திரவிய ஹிம்சை, பாவ ஹிம்சை எனப் பகுப்பர். இங்குப் பாவம் என்பது தீவினை அன்று, உள்ளக் கருத்து என்க.

எங்கள் ஊர் மாசிலாமணீசுவரர் ஆலயத்தின் தலவரலாறும் இவ்விடத்தில் நினைவுக்கு வந்தது. குறும்பரோடு பொருது திரும்பிய தொண்டைமானின் யானைக்காலில் முல்லைக்கொடி சுற்றிக்கொண்டது. வாளால் கொடியை வெட்டினான். கொடிக்குள் மறைந்திருந்த லிங்கத்தில் வெட்டு விழுந்து குருதி பெருகியது என்பர். (அக்குறும்பர் நம் சமயத்தவர் என்று சொல்வாரும் உண்டு, அது வேறு கதை.) அறியாமல் வெட்டிய தொண்டைமான் நடுங்கித் தன் கழுத்தையே அரியத் துணிந்தான். மாவென்று அறிந்தே வெட்டிய யசோதரனை வினை விடவில்லை. ஒருவர் சைவர் கதையில், ஒருவர் நம் காவியத்தில். இரண்டிலும் வாளைவிட மனமே எடை பார்க்கப்படுகிறது.

இல்லறத்தாருக்கு நான்கு ஹிம்சைகள் சொல்லப்பட்டுள்ளன. சமைத்தல், பெருக்குதல் முதலியவற்றில் நேரும் ஆரம்பி, தொழிலில் நேரும் உத்யோகி, தற்காப்பிலும் நாட்டுக் காவலிலும் நேரும் விரோதி, வேண்டுமென்றே செய்யும் சங்கல்பி. சிராவகர் கட்டாயம் விடவேண்டியது கடைசியைத்தான். இதனை நான் ஏட்டில் மட்டும் படிக்கவில்லை. எங்கள் வீட்டு உலையில் கொதித்த அரிசி, ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையின் அரிசி. ஊரார் 'டேங்க் ஃபேக்டரி' என்பார்களே, அங்கேதான் என் கணவர் பணியாற்றினார். 1960களில் விஜயந்தா தொடங்கி இன்று அர்ஜுன் வரை மெய்யான பீரங்கி வண்டிகள் அங்கே உருவாகின. அஷ்டமி, சதுர்த்தசி தவறாமல் உபவாசம் இருந்தவர் அவர். ஒரு வண்டி முடிந்து வெளியேறும் நாளில் அவர் முகத்தில் களிப்பை நான் கண்டதில்லை. "நாட்டுக்குக் காவல்தான். ஆனாலும் இது எங்கேயும் சுடாமல் துருப்பிடித்துப் போனால் நல்லது" என்பார். ஓய்வு பெற்றபின், இத்தொழில் நமக்கு ஏற்றதுதானா என்று தம்மையே கேட்டுக்கொண்டதும் உண்டு. நான் விடை சொன்னதில்லை.

மெய்யான ஆயுதம் செய்தவரிடம் இல்லாத ஒன்றைப் பொய்யான துப்பாக்கி ஏந்திய பேரனிடம் கண்டேனா? அதற்கும் நம் நூல்களில் பெயருண்டு. ரௌத்திர தியானத்தின் நான்கு வகைகளுள் முதலாவது ஹிம்சானந்தம். உயிர் வதைப்பில் இன்புறுதல். பயனின்றித் தேடிக்கொள்ளும் தீமைகளை அனர்த்த தண்டம் என்று சமந்தபத்திரரின் ரத்தினகரண்டகம் விளக்க, அருங்கலச்செப்பு தமிழில் தருகிறது. பிறர்க்கு அழிவையும் துன்பத்தையும் மனத்தால் எண்ணிக்கொண்டிருக்கும் அபத்தியானம் அவற்றுள் ஒன்று. தீய கதைகளைக் கேட்டலும் ஒன்று.

ஆயின் அவசரப்பட்டுத் தீர்ப்புக் கூறலாகாது. சதுரங்கத்தில் யானையும் குதிரையும் வெட்டுப்படுகின்றன. பம்பரம் ஆடும் பையன்கள் தோற்றவன் பம்பரத்தைக் குத்திக் குதறுகின்றனர். நம் திருத்தக்க தேவர் தந்த சீவகசிந்தாமணியில் போரும் கட்டியங்காரன் வதையும் இல்லையா? சிறுவர்க்கு வன்முறை ஆட்டங்களை விற்பதைத் தடுத்த கலிபோர்னியச் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2011 ஜூன் 27 அன்று செல்லாதென்று கூறியபோது, குழந்தைகளுக்குச் சொல்லும் பழங்கதைகளிலேயே கொடுமை நிறைந்திருக்கிறதே என்று நீதிபதிகளும் கேட்டனர். எனக்குத் தோன்றும் வேறுபாடு இது: சிந்தாமணியில் சச்சந்தன் மாண்டால் விசயை சுடுகாட்டில் பிள்ளை பெற்றுக் கதறுகிறாள். அந்த மரணத்துக்கு எடை உண்டு. இங்கோ மாண்டவன் ஒரு பெட்டியாகிறான்.

இப்படி எண்ணத்திலேயே உழல்வதை விட்டு, பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குக் கற்பித்தபடி செய்தேன். பிள்ளையைத் திருத்துமுன் உற்றுநோக்கு, நோக்கியதை எழுது என்பார்கள். பருவத்தின் எஞ்சிய நாட்களில் தினமும் அரைமணி அவன் அருகில் குறிப்பேட்டோடு அமர்ந்தேன். முதலில் நெளிந்தவன் பிறகு மறந்துவிட்டான்.

நான் எதிர்பார்த்தது வேறு, கண்டது வேறு. பெரும்பொழுது அவன் சுடவே இல்லை. ஓடினான், தேடினான், வரைபடத்தை ஆராய்ந்தான், நண்பர்களோடு வழி வகுத்தான். அடிபட்டு வீழ்ந்த தோழன் ஒருவனைக் குண்டுமழைக்கிடையே ஓடிச்சென்று எழுப்பினான். அதில் தானே மாண்டு ஆட்டத்தை இழந்தும் வருந்தவில்லை. அவன் களிப்பில் பெரும்பகுதி குறிபார்த்தலின் களிப்பு, சதுரங்கக்காரனின் களிப்பு. இதனை ஹிம்சானந்தம் என்று எழுத என் கை வரவில்லை.

ஆறாம் நாள் வேறொன்று நிகழ்ந்தது. எதிரணியான் ஒருவன் அடிபட்டு மண்டியிட்டு ஊர்ந்துகொண்டிருந்தான். அவ்வாட்டத்தில் வீழ்ந்தவர் உடனே மடிவதில்லை. சிறிது நேரம் தவழலாம். என் பேரன் அவனை விடவும் இல்லை, முடிக்கவும் இல்லை. சுற்றிச் சுற்றி வந்து அவனைச் சூழத் தரையில் சுட்டான். கைப்பேசியில் ஒரு பிஞ்சுக் குரல் கேட்டது. "அண்ணா, விட்டுடுங்கண்ணா... அண்ணா ப்ளீஸ்ணா..." எட்டு, ஒன்பது வயதிருக்கும். என் பேரன் சிரித்தான். அவன் தோழர்களும் சிரித்தனர். ஒருவன் அச்சிறுவனின் தாயை இழுத்து ஒரு சொல் சொன்னான். பிறகு சுட்டனர்.

குறிப்பேட்டில் நான் எதையும் எழுதவில்லை. மாக்கோழி கூவியது என்று படித்தபோதெல்லாம் அதைக் காவிய வியப்பு என்றே கொண்டிருந்தேன். அன்று அதன் குரலைக் கேட்டேன். படத்துக்கு உயிரில்லை என்றானே, அப்படத்தை எங்கோ ஒரு வீட்டு மூலையில் அமர்ந்து விரல்களால் நகர்த்திக்கொண்டிருந்த ஜீவனுக்கு உயிர் உண்டு. குருதி பச்சையாகவே தெறித்தது. 2021 ஜூன் மாதம், இவ்வாட்டத்தை ஆடிக்கொண்டே ஆபாசச் சொற்களை யூடியூபில் வழங்கிச் சிறுவர் கூட்டத்தைச் சேர்த்த ஓர் இளைஞரைச் சென்னைக் காவல்துறை தருமபுரியில் கைது செய்ததை வாசகர்கள் நினைவுகூரலாம். அப்போது நான் அச்செய்தியைப் பிறர் வீட்டுச் செய்தியாகவே படித்தேன்.

கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டுக் கேட்டேன்: "விளையாடுவதாகத்தான் நினைத்தாயா? அவன் கெஞ்சியபோதும்?" அவன் நெடுநேரம் தலைகுனிந்திருந்தான். பிறகு நிமிர்ந்து, "நீங்கள் பள்ளிக்கூடத்தில் யாரையும் அடித்ததில்லையா பாட்டி?" என்றான். எதிர்த்துப் பேசும் குரலில் அன்று, அறிய விரும்பும் குரலில் கேட்டான். அதனால்தான் மழுப்ப முடியவில்லை.

அடித்திருக்கிறேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உடல்தண்டனையை விலக்குவதற்கு முன்பே ஓய்வு பெற்றவள் நான். எங்கள் காலத்தில் புளியம்விளார் மேசைமேல் சாக்கட்டியோடு கிடந்தது. பெரும்பாலும் சினமின்றியே அடித்தேன் என்று சொல்லிக்கொள்வேன். ஆனால் 1976இல், வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் வீட்டுக்கணக்கு எழுதாமல் வந்தான். அன்று காலை மேலதிகாரி ஒருவர் எல்லோர் முன்பும் என்னைக் கடிந்திருந்தார். அந்தக் கனல் உள்ளே இருந்தது. இரண்டு அடியோடு நிறுத்தியிருக்கலாம். அவன், "விட்டுடுங்க டீச்சர்" என்று ஒரு விதமாக நெளிந்தபோது வகுப்பு சிரித்தது. அச்சிரிப்பு எனக்கு இதமாக இருந்தது. அதற்காகவே இன்னும் மூன்று அடித்தேன். கணக்குக்காக அடித்தவை முதல் இரண்டு. மற்ற மூன்றுக்கு என்ன பெயர் என்பது இந்தக் கட்டுரைக்காக நூல்களைப் புரட்டியபோதுதான் எனக்குத் தெரிந்தது.

இதைப் பேரனிடம் சொன்னேன். அவன் ஒன்றும் கூறவில்லை. அன்றிரவு எங்கள் இருவருக்கும் பிரதிக்கிரமணம் நீண்டது. ஆட்டத்தை நான் தடை செய்யவில்லை. மற்றவர் குரல் கேட்கும் வசதியை அவனே அணைத்து வைத்தான். மறுநாள் அதையும் எண்ணிப் பார்த்து, "குரல் கேட்காவிட்டால் மட்டும் அங்கே ஆள் இல்லை என்றாகிவிடுமா பாட்டி?" என்று மீண்டும் திறந்தான். இரண்டில் எது சரி என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியவும் இல்லை.

பருவம் நிறைந்து க்ஷமாவணி நாள் வந்தது. ஜினாலயத்தில் ஒருவரையொருவர் கைகூப்பி மன்னிப்பு வேண்டிக்கொண்டோம். உறவினர்க்கெல்லாம் தொலைபேசியில் சொல்லி முடித்தபின் பேரன் என்னிடம் வந்து, "அந்தச் சின்னப் பையனிடம் எப்படிக் கேட்பது? அவன் ஆட்டத்தில் வைத்திருந்த பெயர்கூட எனக்கு நினைவில்லை" என்றான்.

என் மாணவனின் பெயர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தந்தை பெயரின் முதலெழுத்தோடு வருகைப்பதிவில் பதினேழாம் வரிசை. அவ்வூரிலிருந்து வந்த இருவரிடம் விசாரித்தேன். அவர்கள் குடும்பம் எப்போதோ பெங்களூர்ப் பக்கம் பிழைக்கப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அதற்குமேல் அவர்களுக்கும் தெரியவில்லை.